வேறொரு பெட்டியின் பேக்கப்பை ஏற்றியதிலிருந்து 3ஆம் ப்ளோயரில் எல்லா அளவும் தப்பு: பெட்டி பழுதா, அமைப்பு பழுதா?

#1 மூன்றாம்_ஷிப்ட்

வணக்கம். ஒரே அறையில் ஆறு ப்ளோயர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்காணிப்புப் பெட்டி. அதிர்வு டிரான்ஸ்மிட்டரிலிருந்து 4–20 மில்லிஆம்பியர் சிக்னல் பெட்டிக்கு வருகிறது; ரேஞ்ச் 0 முதல் 10 மி.மீ/வினாடி. பேரிங் வெப்பநிலை தனி மாட்யூலிலிருந்து ஆர்.எஸ்.485 ஒயரில் மோட்பஸ் என்ற நெறிமுறை வழியாக வருகிறது. இரண்டையும் பெட்டி எம்.க்யூ.டி.டி என்ற செய்தி நெறிமுறையில் சர்வருக்கு அனுப்புகிறது.

போன வாரம் 3ஆம் ப்ளோயரின் பெட்டி எரிந்துவிட்டது. அதற்குப் பேக்கப் எடுத்து வைக்கவில்லை (தெரியும், திட்டாதீர்கள்). 2ஆம் ப்ளோயரின் பேக்கப் கோப்பைப் புதுப் பெட்டியில் ஏற்றி, ஐ.பி முகவரியையும் பெயரையும் மட்டும் மாற்றினேன். அன்றிலிருந்து மூன்று தொல்லைகள்.

முதலாவது, கைக்கருவி 3.2 காட்டும் இடத்தில் பெட்டி 4.56 காட்டுகிறது. அலாரம் 4.5இல் இருக்கிறது, மணி ஓய்வதே இல்லை. இரண்டாவது, வெப்பநிலை பெரும்பாலும் 0.00. திடீரென்று மைனஸ் பத்துக் கோடி சொச்சம். அப்புறம் திரைக்குள் அடங்காத ஓர் எண். மூன்றாவது, சர்வரில் சில வினாடிக்கு ஒருமுறை 3 ஆஃப்லைன் போய் வருகிறது. கேபிளை மாற்றினேன், ஸ்விட்ச்சில் போர்ட்டை மாற்றினேன், பலன் இல்லை.

மூன்றும் சேர்ந்து வந்திருப்பதால் பெட்டியிலேயே பழுது என்று தோன்றுகிறது. திருப்பி அனுப்பிவிடலாமா?

#2 கிரீஸ்_டப்பா

485 லைனின் கடைக்கோடியில் சிக்னல் எதிரொலிக்காமல் இருக்க 120 ஓம் மின்தடை போட்டிருக்கிறீர்களா? எங்களுக்கு அது இல்லாமல் ஒரு மாதம் பேயாட்டம். அலாரத்தை இப்போதைக்கு 6க்கு ஏற்றி வையுங்கள், காதுக்காவது நிம்மதி கிடைக்கும்.

#3 பழைய_மல்டிமீட்டர்

அலாரத்தில் கை வைக்காதீர்கள் தம்பி. தப்பு எங்கே என்று தெரியாமல் வரம்பை நகர்த்தினால், நாளைக்குத் தப்பைத் திருத்திய பிறகும் அந்த 6 அங்கேயே உட்கார்ந்திருக்கும். அதை யார் நினைவு வைத்துக்கொண்டு இறக்குவது?

பெட்டியைத் திருப்பி அனுப்புவதும் வேண்டாம். பழுதான பெட்டி பெரும்பாலும் சும்மா கிடக்கும், இல்லை உளறும். உங்களுடையது ஒழுங்காகப் பேசுகிறது, தப்பான மொழியில். மூன்றையும் ஒரே நோயாகப் பார்க்க வேண்டாம், ஒவ்வொன்றாக எடுப்போம். முதலில் இரண்டு தகவல் வேண்டும்: பெட்டியின் டயக்னாஸ்டிக் பக்கத்தில் மோட்பஸ் சி.ஆர்.சி (பைட்டுகள் கெடாமல் வந்தனவா என்ற சோதனை) பிழை எண்ணிக்கை எவ்வளவு? ஆஃப்லைன் போவது 3 மட்டும்தானா?

#4 மூன்றாம்_ஷிப்ட்

சி.ஆர்.சி பிழை 0, டைம்அவுட் 0. இரண்டு நாளாக ஓடியும் பூஜ்ஜியம்தான்.

ஆஃப்லைன் பற்றி நீங்கள் கேட்ட பிறகுதான் போய்ப் பார்த்தேன். 2ஆம் பெட்டியும் போய் வருகிறது! அதை நான் தொடவே இல்லை அண்ணே.

#5 பழைய_மல்டிமீட்டர்

அப்படியானால் 120 ஓம் கதை முடிந்தது. ஆர்.டி.யூவில் (485 ஒயரில் ஓடும் மோட்பஸ் வடிவம்) ஒவ்வொரு பிரேமுக்கும், அதாவது செய்திக்கும், கடைசியில் சி.ஆர்.சி வருகிறது. ஒயரில் கோளாறு என்றால் அந்தச் சோதனையில் பிரேம் தோற்கும், எண்ணிக்கை ஏறும். மைனஸ் பத்துக் கோடி என்று அழகாக ஓர் எண் வந்து, பிழையும் பூஜ்ஜியம் என்றால் பைட்டுகள் பத்திரமாகத்தான் வந்து சேர்ந்திருக்கின்றன. அவற்றைப் படிக்கிறவன்தான் தப்பாகப் படிக்கிறான்.

ஆஃப்லைன் விஷயத்துக்கு 502 அக்கா வரட்டும், அது அவர் பேட்டை.

#6 முனையம்_502

வந்துவிட்டேன். தொடாத பெட்டியும் சேர்ந்து விழுகிறது என்பதுதான் இதில் சாவி. கேபிளையும் போர்ட்டையும் மறந்துவிடுங்கள். 2உம் 3உம் ஒன்றாக விழுகின்றனவா, மாறி மாறி விழுகின்றனவா? சர்வர் திரையை ஒரு நிமிடம் வெறித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

#7 மூன்றாம்_ஷிப்ட்

மாறி மாறித்தான் அக்கா. 2 பச்சையானால் 3 சிவப்பு. ஐந்து வினாடி கழித்து அப்படியே தலைகீழ். சீசா மாதிரி.

#8 முனையம்_502

கிளையன்ட் ஐடி. 2இன் கோப்பை ஏற்றியபோது அதன் எம்.க்யூ.டி.டி கிளையன்ட் ஐடியும் (சர்வரில் பெட்டியின் அடையாளப் பெயர்) கூடவே வந்துவிட்டது. ஒரே ஐடியில் இரண்டாவது ஆள் உள்ளே வந்தால், ஏற்கெனவே இருப்பவரின் இணைப்பை புரோக்கர் (செய்திகளை வாங்கிப் பிரித்துத் தரும் எம்.க்யூ.டி.டி சர்வர்) துண்டித்தே ஆக வேண்டும். எம்.க்யூ.டி.டி விதியே அதுதான், புரோக்கரைக் குறை சொல்ல முடியாது. 3 வந்ததும் 2 வெளியே. 2 ஐந்து வினாடி பொறுத்துத் திரும்ப இணையும், இப்போது 3 வெளியே. அந்த ஐந்து வினாடி வேறொன்றும் இல்லை, உங்கள் பெட்டியின் மறுஇணைப்பு இடைவெளி. அமைப்பில் பாருங்கள், 5 என்றுதான் இருக்கும்.

புரோக்கரின் லாகில், இந்த ஐடி ஏற்கெனவே இணைந்திருக்கிறது, பழைய இணைப்பை மூடுகிறேன் என்ற பொருளில் ஒரு வரி திரும்பத் திரும்ப வந்திருக்கும். பெட்டியின் பெயரை மாற்றினால் கிளையன்ட் ஐடி தானாக மாறும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். பல பெட்டிகளில் அது வேறு பக்கத்தில் தனியாக ஒளிந்திருக்கும்.

#9 மூன்றாம்_ஷிப்ட்

அட்வான்ஸ்டு பக்கத்தில் இருந்தது, 2இன் ஐடி அப்படியே. மறுஇணைப்பு இடைவெளியும் 5தான்! ஐடியை மாற்றினேன். இரண்டும் பச்சை, பத்து நிமிடமாக அசையவில்லை. இரண்டு நாள் ஏணியில் ஏறி கேபிள் இழுத்தேன் அக்கா…

#10 அதிர்வலை

அதிர்வு கணக்கு எளிது. கைக்கருவி ஆர்.எம்.எஸ் (ஒருவகைச் சராசரி) காட்டுகிறது, பெட்டி பீக் (அலையின் உச்சம்) காட்டுகிறது. சுத்தமான சைன் அலைக்கு பீக் என்பது ஆர்.எம்.எஸ்ஸைப் போல 1.414 மடங்கு; பல கருவிகள் பீக்கைத் தனியாக அளப்பதில்லை, ஆர்.எம்.எஸ்ஸை 1.414ஆல் பெருக்கித்தான் காட்டுகின்றன. 3.2ஐ 1.414ஆல் பெருக்கிப் பாருங்கள்: 4.52. உங்கள் பெட்டி சொல்வது 4.56. இரண்டு கருவிக்கு நடுவே இந்த அளவு வித்தியாசம் சகஜம். டிடெக்ஷன் வகையை ஆர்.எம்.எஸ்ஸுக்கு மாற்றுங்கள், முடிந்தது.

#11 மூன்றாம்_ஷிப்ட்

அதிர்வலை சார், பெட்டியில் அப்படி ஒரு தேர்வே இல்லை. டிரான்ஸ்மிட்டரில்தான் இருக்குமா? அதை நாங்கள் மாற்றவில்லை, பழையதேதான்.

#12 பழைய_மல்டிமீட்டர்

கணக்கு அழகாகத்தான் பொருந்துகிறது. ஆனால் ஒரே ஒரு புள்ளியில் பொருந்துகிறது, அதுதான் எனக்கு உறுத்துகிறது. ஒரு புள்ளி வழியாக எத்தனை கோடு வேண்டுமானாலும் போகும்.

தம்பி, ப்ளோயர் நிற்கும்போது பெட்டி என்ன காட்டுகிறது, கைக்கருவி என்ன காட்டுகிறது? முடிந்தால் லூப்பில் (டிரான்ஸ்மிட்டரிலிருந்து பெட்டிக்கு வரும் 4–20 சுற்று) மில்லிஆம்பியரையும் அளந்து சொல்லுங்கள். ஆனால் லூப்பைப் பிரிப்பதற்கு முன்னால் அந்த சிக்னல் ட்ரிப்புக்கும் (இயந்திரத்தைத் தானாக நிறுத்தும் பாதுகாப்பு) போகிறதா என்று வரைபடத்தில் பாருங்கள். போகிறது என்றால் கண்ட்ரோல் ரூமில் சொல்லி, பைபாஸ் போட்ட பிறகுதான் ஒயரில் கை. டிரான்ஸ்மிட்டரில் டெஸ்ட் முனைகள் இருந்தால் பிரிக்கவே தேவையில்லை, மீட்டரை அதில் வைத்தாலே போதும்.

#13 மூன்றாம்_ஷிப்ட்

ட்ரிப் இல்லை, அலாரம் மட்டும்தான். டெஸ்ட் முனை இருந்தது. மதிய நிறுத்தத்தில் எடுத்தேன்.

ஓடும்போது: கைக்கருவி 3.2, லூப் 9.12 மில்லிஆம்பியர், பெட்டி 4.56.
நிற்கும்போது: கைக்கருவி 0.1 (பக்கத்து ப்ளோயர்களின் நடுக்கம்), லூப் 4.16, பெட்டி 2.08.

நிற்கிற இயந்திரத்துக்கு 2.08 எப்படி?

#14 அதிர்வலை

சரி, என் கணக்கு செத்துவிட்டது. 0.1ஐ 1.414ஆல் பெருக்கினால் 0.14தான் வரும். எந்தப் பெருக்கலாலும் 0.1ஐ 2 ஆக்க முடியாது. எனக்கும் நிற்கும்போது என்ன என்று கேட்கத் தோன்றியிருக்க வேண்டும். 4.52 என்று விடை வந்த சந்தோஷத்தில் விட்டுவிட்டேன்.

#15 பழைய_மல்டிமீட்டர்

பெட்டி 0–20 என்று நினைத்துக்கொண்டு படிக்கிறது. 9.12ஐ 20ஆல் வகுத்து 10ஆல் பெருக்குங்கள்: 4.56. 4.16க்கும் அதையே செய்யுங்கள்: 2.08. இரண்டு புள்ளியும் கடைசி இலக்கம் வரை உட்காருகிறது. சரியான 4–20 கணக்கில் முதலில் 4ஐக் கழித்துவிட்டு 16ஆல் வகுக்க வேண்டும்: 9.12க்கு 3.2, 4.16க்கு 0.1. கைக்கருவியும் டிரான்ஸ்மிட்டரும் ஒன்றையே சொல்கின்றன, பெட்டி மட்டும் தனியாக நிற்கிறது.

இந்தத் தப்பின் குணம் ஒன்று உண்டு. கீழே பெரிதாகவும் மேலே போகப் போகச் சிறிதாகவும் இருக்கும். 4 மில்லிஆம்பியரில் முழு ரேஞ்சில் 20 சதவீதம் கூடுதல், 12இல் 10 சதவீதம், 20இல் வித்தியாசமே இல்லை. சோதிக்க வருகிறவர் 20ஐ மட்டும் செலுத்திப் பார்த்துவிட்டு முழு அளவு சரி என்று கையெழுத்துப் போட்டால், தப்பு அவர் கண் முன்னாலேயே தப்பித்துவிடும். இரண்டு புள்ளியாவது வேண்டும், ஒன்று கட்டாயம் கீழ்ப்பக்கம்.

எனக்கு இதைவிடப் பயம் வேறு. 4–20இல் ஒயர் அறுந்தால் மின்னோட்டம் பூஜ்ஜியத்துக்குப் போகும், 3.6க்குக் கீழே போனாலே பழுது என்று கருவி கண்டுபிடித்துச் சொல்லும். நாமுர் என்ற ஆலைக் கருவிப் பயனாளர் சங்கத்தின் என்.இ 43 பரிந்துரை அப்படித்தான் வகுத்திருக்கிறது. 0–20இல் பூஜ்ஜியம் என்பது நியாயமான அளவு. ஒயரை எலி கடித்தாலும் பெட்டி 0.00 மி.மீ/வினாடி, அருமையான ப்ளோயர் என்று பாராட்டிக்கொண்டிருக்கும்.

#16 மூன்றாம்_ஷிப்ட்

ஆனால் 2ஆம் பெட்டியும் 4–20தானே அண்ணே? அந்தக் கோப்பைத்தானே ஏற்றினேன்? 2இல் சரியாக வருகிறது. நிறுத்தியும் பார்த்துவிட்டேன், 0.1.

#17 பழைய_மல்டிமீட்டர்

மூடியைத் திறந்து பாருங்கள். இன்புட் வகைக்கு உள்ளே டிப் ஸ்விட்ச் இருக்கும். பேக்கப் கோப்புக்கு ஸ்விட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாது.

#18 மூன்றாம்_ஷிப்ட்

இருக்கிறது. நான்கு குட்டி ஸ்விட்ச். 2இல் முதலாவது மேலே, 3இல் எல்லாமே கீழே, ஃபேக்டரியிலிருந்து வந்தபடி. கையேட்டின் 41ஆம் பக்கத்தில் இரண்டு வரி எழுதியிருக்கிறார்கள். நாளைக் காலை பவரை நிறுத்தித்தான் மாற்ற வேண்டும், பெட்டி கிளம்பும்போது மட்டும்தான் ஸ்விட்ச்சைப் படிக்குமாம்.

அதற்குள் வெப்பநிலையைப் பார்க்கலாம் என்று லேப்டாப்பையும் யு.எஸ்.பி–485 மாற்றியையும் எடுத்தேன். மாட்யூலின் கையேட்டில் வெப்பநிலை ரெஜிஸ்டரின் (அளவு இருக்கும் 16 பிட் நினைவிடம்) முகவரி 40011 என்று இருக்கிறது. 40011 என்றே போட்டால் பிழைக் குறியீடு 02 வருகிறது.

#19 கிரீஸ்_டப்பா

40011 என்பது கையேட்டுப் பெயர். லைனில் போவது 10. முன்னால் இருக்கும் 4, அது ஹோல்டிங் ரெஜிஸ்டர் என்பதற்கான அடையாளம், மிச்சம் 11ஆவது ரெஜிஸ்டர், எண்ணுவது பூஜ்ஜியத்திலிருந்து. ஆக 10. 02 என்றால் அப்படி ஒரு முகவரியே என்னிடம் இல்லை என்கிறது மாட்யூல், பாவம் உண்மையைத்தான் சொல்கிறது. (120 ஓமில் விட்டதை இதில் பிடித்துவிட்டேன்.)

#20 முனையம்_502

சில மென்பொருள் 11 என்று கேட்கும், சிலது 10 என்று கேட்கும். ஒன்று கூட்டியும் ஒன்று குறைத்தும் படித்துப் பாருங்கள். அப்புறம், பெட்டியின் 485 ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் லேப்டாப்பை மாட்டினீர்களா? ஆர்.டி.யூ லைனில் ஒரு நேரத்தில் ஒரு மாஸ்டர்தான். இரண்டு பேர் கேள்வி கேட்டால் இரண்டு பேருக்கும் குப்பைதான் கிடைக்கும்.

#21 மூன்றாம்_ஷிப்ட்

கழற்றிவிட்டேன். 10 என்று போட்டதும் வந்துவிட்டது. இரண்டு ரெஜிஸ்டரைக் குறியில்லாத முழு எண்ணாகப் படித்தேன், நிமிடத்துக்கு ஒருமுறை:

17018, 0
17018, 26214
17018, 52429
17018, 26214

மாட்யூலின் சொந்தத் திரை அந்த நேரத்தில் 62.5, 62.6, 62.7, மறுபடி 62.6.

#22 முனையம்_502

இதைத்தான் கேட்க இருந்தேன், நீங்களே எடுத்துவிட்டீர்கள். முதல் எண் அசையவே இல்லை, இரண்டாவது கன்னாபின்னாவென்று குதிக்கிறது. 32 பிட் ஃப்ளோட்டை (தசம எண்ணை) இரண்டு 16 பிட் ரெஜிஸ்டரில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அசையாதது மேல் பாதி, அதில்தான் குறியும் அடுக்கும் எண்ணின் பெரிய பகுதியும் இருக்கும். குதிப்பது கீழ்ப் பாதி, வெறும் பின்னப் பொடி. ஆகவே இந்த மாட்யூல் மேல் பாதியை முதலில் தருகிறது.

உங்கள் பெட்டி கீழ்ப் பாதி முதலில் வரும் என்று எதிர்பார்க்கிறது. அதனால் பொடியைத் தலையாகவும் தலையைப் பொடியாகவும் ஒட்டுகிறது. 62.5க்குக் கீழ்ப் பாதி 0, அது தலையில் உட்கார்ந்தால் எண் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை, திரையில் 0.00. 62.7க்கு 52429 தலையில் உட்காருகிறது. ஒட்டிப் பார்த்தால் கிடைப்பது சரியாக −107615184, உங்கள் மைனஸ் பத்துக் கோடி சொச்சம். 62.6க்கு 26214 தலை: 2.7ஐ 10இன் 23ஆம் அடுக்கால் பெருக்கினால் வருகிற எண், திரைக்குள் எப்படி அடங்கும்? 0.1 டிகிரி நகர்ந்ததற்கு இத்தனை கூத்து.

3இல் இருப்பது 2இல் இருப்பதைப் போன்ற மாட்யூல்தானா?

#23 மூன்றாம்_ஷிப்ட்

இல்லை அக்கா. போன வருடம் 3க்கு மட்டும் வேறு தயாரிப்பு மாட்யூல் போட்டோம். எரிந்த பெட்டியில் யாரோ வேர்ட் ஆர்டரை (எந்தப் பாதி முதலில் என்ற அமைப்பை) மாற்றி வைத்திருப்பார்கள், எழுதி வைக்கவில்லை. இப்போது மாற்றினேன்: 62.6. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

#24 கிரீஸ்_டப்பா

ஒரு கோப்பு, மூன்று வேலை. வரக்கூடாத ஐடி வந்தது, வர வேண்டிய ஸ்விட்ச் வரவில்லை, அடுத்த வீட்டு மாட்யூலுக்கு வைத்தது இங்கே வந்து உட்கார்ந்தது.

#25 மூன்றாம்_ஷிப்ட்

காலை நிலவரம். பவரை நிறுத்தி, டிப் ஸ்விட்ச்சை மாற்றி, மறுபடி பவர் கொடுத்தேன். நிற்கும்போது 0.1, ஓடும்போது 3.2. கைக்கருவியோடு அப்படியே ஒத்துப்போகிறது.

ஆனால் 2உம் 3உம் மறுபடி சீசா ஆடுகின்றன. வெப்பநிலையும் 0.00க்குத் திரும்பிவிட்டது!

#26 முனையம்_502

கடிகாரத்தை முதலில் பாருங்கள். 8883இல் (எம்.க்யூ.டி.டியின் பாதுகாப்பான போர்ட்) சான்றிதழோடு இணைகிற பெட்டி என்றால், உள் பேட்டரி செத்திருந்தால் பவர் போய் வந்ததும் தேதி 1970 ஜனவரி 1க்குப் போய்விடும். சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று இணைப்பை மறுத்துவிடும்.

பொறுங்கள், அப்படியிருந்தால் 2 ஏன் விழப்போகிறது? வெப்பநிலை ஏன் கெடப்போகிறது? நேற்று மாற்றிய இரண்டுமே பழையபடி ஆகியிருக்கின்றன. மாற்றிவிட்டு எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள்?

#27 மூன்றாம்_ஷிப்ட்

தேதி சரியாகத்தான் இருக்கிறது. அழுத்தியது அப்ளை.

#28 பழைய_மல்டிமீட்டர்

அப்ளை நினைவகத்தில் மட்டும் எழுதும், பவர் போனால் போச்சு. ஃபிளாஷில் எழுத வேறு பொத்தான் இருக்கும். சேவ் என்றோ, ரைட் என்றோ, மூலையில் ஒரு டிஸ்க் படமாகவோ. அதை அழுத்திவிட்டு வேண்டுமென்றே ஒருமுறை பவரை நிறுத்திப் போட்டுப் பாருங்கள். தானாகப் போய் வருகிற வரைக்கும் காத்திருந்தால் அது நடு ராத்திரியில்தான் போகும்.

#29 மூன்றாம்_ஷிப்ட்

டிஸ்க் படம்தான் அண்ணே, வலது மேல் மூலையில் சாம்பல் நிறத்தில். அழுத்தினேன். இரண்டு முறை பவர் நிறுத்திப் போட்டேன். ஐடி நிற்கிறது, வேர்ட் ஆர்டர் நிற்கிறது, இரண்டும் பச்சை. இப்போது ஆறு பெட்டிக்கும் தனித்தனியாகப் பேக்கப் எடுத்து, ஒவ்வொன்றின் டிப் ஸ்விட்ச்சையும் போட்டோ பிடித்து அதே ஃபோல்டரில் போட்டுவிட்டேன். மாட்யூல் எந்தத் தயாரிப்பு என்பதையும் எழுதிவிட்டேன்.

#30 அதிர்வலை

எல்லாம் சரி, அந்த 3.2ஐ யாரும் கண்டுகொள்ளவில்லையே. மோட்டார் எத்தனை கிலோவாட், அடித்தளம் கான்கிரீட்டா?

#31 மூன்றாம்_ஷிப்ட்

90 கிலோவாட். கான்கிரீட்தான், கெட்டியானது.

#32 அதிர்வலை

அப்படியானால் ஐ.எஸ்.ஓ 10816-3 என்ற அதிர்வுத் தரநிலையின் கணக்கில் இரண்டாம் குழு, விறைப்பான அடித்தளம் (இப்போது அது 20816-3 என்று வருகிறது). 1.4, 2.8, 4.5 என்பவைதான் எல்லைகள். உங்கள் அலாரம் 4.5 அங்கிருந்து வந்ததுதான். 3.2 என்பது 2.8ஐத் தாண்டிவிட்டது, நீண்ட நாள் ஓட்டத் தகாத பகுதி. பெட்டி பொய் சொன்னது உண்மை, ஆனால் ப்ளோயரும் முழு ஆரோக்கியமாக இல்லை. ஸ்பெக்ட்ரம் எடுத்துப் பாருங்கள். சுழற்சி வேகத்திலேயே பெரிய முகடு நின்றால் இறக்கையில் அழுக்கு படிந்து பேலன்ஸ் போயிருக்கலாம்.

#33 மூன்றாம்_ஷிப்ட்

கவனிக்கிறேன் சார். மற்ற ஐந்தும் 1.6க்கும் 2.1க்கும் நடுவில்தான் ஓடுகின்றன. வியாழக்கிழமை நிறுத்தம் இருக்கிறது, இறக்கையைத் திறக்கிறோம்.

#34 வால்வு_வாசி

இவ்வளவு நேரம் ஓரமாகப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் இடத்திலும் இதே வகைப் பெட்டி ஒன்று உண்டு, டிரான்ஸ்மிட்டர் ரேஞ்சும் 0–10தான். இழையைப் படித்துவிட்டுப் போய் நின்றிருந்த மோட்டாரைப் பார்த்தேன். 2.0 காட்டுகிறது. சும்மா சும்மா மணி அடிக்கிறது என்று இரண்டு வருடத்துக்கு முன்பே அலாரத்தை 6க்கு ஏற்றிவிட்டார்களாம்.

#35 பழைய_மல்டிமீட்டர்

பெட்டியில் 6 என்றால் லூப்பில் 12 மில்லிஆம்பியர். உண்மையில் 5.0. இரண்டு வருடமாக அந்த மோட்டார் 5ஐத் தொட்ட பிறகுதான் உங்களுக்கு மணி அடிக்கும். ஸ்விட்ச்சை மட்டும் திருத்திவிட்டு 6ஐ அப்படியே விட்டால் அந்த 5உம் 6ஆகிவிடும். இரண்டையும் ஒரே நிறுத்தத்தில் மாற்றுங்கள். டிஸ்க் படத்தையும் அழுத்துங்கள்.